தேறிவிட்டாள் என்றார்கள்

ரெய்க்யாவிக்,
4 நவம்பர் 1957

அன்புள்ள தம்பி கெஸ்டுருக்கு,

அக்கா ஓட்னி எழுதுவது. நான் சுகம். மூட்டுவலி இருக்கிறது, ஆனால் அது என்னோடு குடித்தனம் நடத்தத் தொடங்கி எட்டு வருஷம் ஆயிற்று, அதை இப்போது யாரிடமும் புகாராகச் சொல்வதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? சால்வோர் எப்படி இருக்கிறாள்?

குழந்தையைப் புதைத்த அன்று நான் அங்கே இல்லாமல் போனேன். கப்பல் இரண்டு நாள் தாமதம், கிளம்பியிருந்தாலும் மண் மூடிய பிறகுதான் வந்து சேர்ந்திருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மூச்சு விடாமலே பிறந்த பெண்ணை, பெயர்கூட வைக்காத பெண்ணை, என்ன சொல்லி நினைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போனில் பேசலாமென்றால் உங்கள் பள்ளத்தாக்கில் ஐந்து பண்ணைகள் ஒரே கம்பியில் தொங்குகின்றன. நான் 'எப்படி இருக்கே' என்று கேட்டால் ஐந்து வீட்டிலும் காது நீளும். அதனால்தான் கடிதம்.

இதோடு ஒரு பட்டியலும் வருகிறது. அனுப்பலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். அகராதி அலுவலகத்தில் இந்தக் குளிர்காலத்துக்கு எனக்குக் கொடுத்திருக்கும் வேலை, விழுந்தவர்கள் எழுவதைச் சொல்லும் சொற்கள். நோயிலிருந்து, நஷ்டத்திலிருந்து, துக்கத்திலிருந்து மீள்வதற்கு உங்கள் பக்கத்தில் என்னென்ன சொல்கிறார்கள், எதை எப்போது சொல்கிறார்கள் என்று வேண்டும். உன்னை விட்டுவிட்டு மற்ற நான்கு பண்ணைகளுக்கு மட்டும் அனுப்பினால் நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாய். பத்து வருஷமாக எல்லாப் பட்டியலுக்கும் பதில் எழுதியவன் அல்லவா?

விதிகள் உனக்குத் தெரியும், இருந்தாலும் மேலதிகாரி என்ற முறையில் சொல்கிறேன். ஒரு அட்டைக்கு ஒரு சொல். காதால் கேட்ட வாக்கியம் மட்டும், சொன்னது சொன்னபடி. யார் சொன்னது, என்றைக்கு என்று தேதி போட வேண்டும். நீயாக ஒரு வாக்கியம்கூடக் கட்டக் கூடாது.

மனசு வரவில்லையென்றால் அட்டைகளை அடுப்பில் போடு. எனக்கு வருத்தமில்லை.

சால்வோருக்கு என் முத்தம்.

உன் அக்கா,
ஓட்னி


கில் பண்ணை,
17 நவம்பர் 1957

அக்காவுக்கு,

கெஸ்டுர் எழுதிக்கொள்வது. இங்கே மாடு பரவாயில்லை, நாய் பரவாயில்லை, சால்வோரும் பரவாயில்லை. உன் மூட்டுக்குக் கம்பளியைச் சுற்று.

அட்டைகள் வந்து சேர்ந்தன. அடுப்பில் போடவில்லை. மழையும் பனியும் வெளியே விடாத நாட்களில் கைக்கு ஒரு வேலை ஆயிற்று.

முதல் சொல், உயிர்பிடித்தல். இது பனியில் புதைந்து மீண்ட ஆட்டுக்கு மட்டும். மனிதருக்குச் சொன்னால் வேடிக்கை. மூன்றாம் தேதிப் புயலில் எனக்கு ஒரு பெட்டை ஆடு காணாமல் போயிற்று. ஒன்பது நாள் கழித்து நாய் ஓடைக்கரைப் பனிமேட்டைப் பிராண்ட, நானும் ஹோல் பண்ணை தோர்லாகுரும் மண்வெட்டியோடு போனோம். தன் ரோமத்தையே தின்று உயிரோடு இருந்தது. தோர்லாகுர் சொன்ன வாக்கியம், நவம்பர் 12: "அட, உயிரு புடிச்சிருச்சுய்யா! நான் தோலுரிக்கத்தானே கத்தியோட வந்தேன்!" இப்போது அது தொழுவத்தில் வைக்கோலைத் தின்றுகொண்டு என்னை முறைக்கிறது. முதல் நாள் முன்னங்கால் மட்டும் ஊன்றியது. இரண்டாம் நாள் நின்றது. மூன்றாம் நாள் மற்ற ஆட்டை முட்டித் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்தது.

அடுத்தது கூன் நிமிர்தல். கையில் காசில்லாமல் கிடந்தவன் கொஞ்சம் மேலே வந்தால், கிண்டலாக. போனில் நெஸ் பண்ணைக்காரி, நவம்பர் 14: "ப்ரெக்காக்காரன் கூன் நிமுந்துட்டான் போலருக்கு, ட்ராக்டர் வாங்கறானாமே." ப்ரெக்கா பண்ணைக்காரனும் அப்போது கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான். இருமலை அடக்கிக்கொண்டிருப்பான்.

சதைபிடித்தல். ஆட்டுக்குட்டிக்கும் கைக்குழந்தைக்கும், முதல் சில வாரங்களில் மெலிந்திருந்து பிறகு தேறும்போது. இதற்கு வாக்கியம் இல்லை. இந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

தேறுதல் எல்லாவற்றுக்கும் பொது. காய்ச்சலுக்கும் சொல்வார்கள், சாவுக்கும் சொல்வார்கள். அட்டை பிறகு அனுப்புகிறேன்.

சால்வோர் படுக்கையில்தான் இருக்கிறாள். உட்கார்ந்தே தூங்குகிறாள், முதுகுக்கு மூன்று தலையணை. மலையைப் பார்க்க வசதி என்கிறாள். பக்கி பண்ணை ஸ்டெய்னுன் வந்து பால் கறந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். புருஷன் இல்லாமல் தன் பண்ணையையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு இங்கேயும் வருகிறாள் என்றால் அவளுக்கு எத்தனை கை என்று தெரியவில்லை.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

தம்பி,
கெஸ்டுர்


ரெய்க்யாவிக்,
28 நவம்பர் 1957

அன்புள்ள கெஸ்டுருக்கு,

அக்காவின் ஆசிகள். கம்பளி சுற்றியிருக்கிறேன், அலுவலகத்தில் எல்லோரும் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

உன் அட்டைகள் அருமை. ஆட்டுக்கு உயிர் பிடித்ததை வாசித்து எங்கள் அறையே கைதட்டியது. ஆனால் கடிதத்தை மறுபடி வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆட்டுக்கு ஒரு பக்கம். பெண்டாட்டிக்கு மூன்று வரி. அந்த ஆடு எந்த நாள் எந்தக் காலை ஊன்றியது என்று எனக்கு இப்போது தெரியும், சால்வோர் எழுந்து நடக்கிறாளா என்று தெரியாது.

மலையைப் பார்க்கவா ஒருத்தி உட்கார்ந்தே தூங்குவாள்? அந்த மலையைப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தானே நான் பதினெட்டு வயதில் கப்பல் ஏறினேன். அவளுக்கு மூச்சு வாங்குகிறதா? பிரசவம் ஆகி ஆறு வாரம் ஆகப்போகிறது. டாக்டரைக் கூப்பிடு. மேட்டுவெளிப் பாதை பனியில் மூடுவதற்குள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். ஒரு வார்த்தை போதும், அவர் வருவார். கூப்பிடாமல் இருந்துவிடாதே.

டிசம்பர் 21 கப்பலில் எனக்கு இடம் சொல்லிவைத்திருக்கிறேன். நிலைமை சரியில்லை என்று ஒரு வரி எழுது, விடுப்பு எடுத்து வந்துவிடுகிறேன். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மட்டுமில்லை, ஜனவரி, பிப்ரவரி ஆனாலும் இருப்பேன். மறுதபாலில் சொல்.

இருவருக்கும் அன்பு.

ஓட்னி


கில் பண்ணை,
12 டிசம்பர் 1957

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திட்டும் கிடைத்தது. இரண்டுக்கும் நன்றி. இங்கே நாங்கள் சுகம்.

ஒன்பதாம் தேதி டாக்டரிடம் போனில் பேசினேன். பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

மறுநாளே சால்வோர் எழுந்துவிட்டாள். கன்னம் இரண்டும் சிவந்திருக்கிறது. ஏழு வாரத்தில் முதல்தடவையாக அடுப்படிக்கு வந்து காப்பி போட்டாள். கால்கூடப் பூரித்திருக்கிறது, அவளுடைய ஷூ நுழையவில்லை. அன்றைக்கு விட்டுப்போன அட்டைக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது. சதைபிடித்தல், சொன்னவள் சால்வோர், டிசம்பர் 10: "பாரு கெஸ்டுர், எனக்குக் கால்லதான் சதை புடிச்சிருக்கு. உன் ஷூவைக் குடு." கைக்குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் சொல்வதைத் தனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கப்பல் விஷயம் உன் இஷ்டம். இந்த மாதம் கடல் நன்றாக இருக்காது.

நலமாக இரு.

கெஸ்டுர்


கில் பண்ணை,
13 டிசம்பர் 1957

அன்புள்ள ஓட்னி அண்ணிக்கு,

சால்வோரின் வணக்கம். நீங்கள் அனுப்பிய முத்தம் கிடைத்தது, உங்கள் தம்பி அதைக் கொடுக்கும்போது தாடி குத்தியது. நீங்கள் நலமா? பட்டணத்தில் எல்லா வீட்டுக்கும் வெந்நீர் குழாயில் வருகிறதாமே, எனக்கும் ஒரு வாளி தபாலில் அனுப்புங்கள்.

நீங்கள் கொடுத்த வேலையால் உங்கள் தம்பி கெட்டுப்போனான். போன் மணி யாருக்கு அடித்தாலும் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஓடுகிறான். கேட்டால் 'அகராதிக்காக' என்கிறான். ஒட்டுக்கேட்பதற்கு இவ்வளவு படிப்பான காரணம் இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் கிடைத்ததில்லை.

நானும் கேட்டேன். படுக்கை அறைக் கதவைத் திறந்துவைத்தால் அவன் ரிசீவரிலிருந்து வரும் பேச்சே காதில் விழும். மூன்று நாளாக எல்லா வீட்டிலும் என் பேச்சுத்தான். சால்வோர் தேறிட்டா, சால்வோர் தேறிட்டா. யார் இதை முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியும். காட்டிக்கொடுக்க மாட்டேன், நல்ல மனுஷன் அவன். இத்தனை பேர் தேறிவிட்டேன் என்ற பிறகு நான் போர்வைக்குள் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? எழுந்துவிட்டேன். இருபதாம் தேதி எல்லோரையும் பண்டிகைக்கு இலை ரொட்டி சுட வரச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பெட்டிகளில் லட்சம் சொல் இருக்கும் என்கிறான் கெஸ்டுர். தேறாதவளை ஊரெல்லாம் தேறிவிட்டாள் என்றால், அப்படிப்பட்டவளுக்கு ஏதாவது ஒரு சொல் இருக்கிறதா? இருந்தால் எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் பரவாயில்லை, பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் கெஸ்டுரிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள்,
சால்வோர்


ரெய்க்யாவிக்,
20 டிசம்பர் 1957

அன்புள்ள கெஸ்டுருக்கு,

பண்டிகை வாழ்த்துகள் இருவருக்கும். நான் சுகம்.

நாளைக் கப்பலில் வரவில்லை. இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தேன். உனக்குக் கோபமில்லை என்று நினைக்கிறேன். உன் கடிதம் வந்த பிறகும் எனக்கு அரைமனசுதான் இருந்தது, நீ எதையும் குறைத்துச் சொல்பவன். ஆனால் நேற்று உங்கள் பள்ளத்தாக்கிலிருந்து மற்ற நான்கு பண்ணைகளின் அட்டைகளும் ஒரே தபாலில் வந்தன. தேறுதல் என்ற சொல்லுக்கு நான்கு பேரும் கேட்ட வாக்கியம் எழுதியிருக்கிறார்கள், நான்கும் சால்வோரைப் பற்றி! "கில் பண்ணை சால்வோர் தேறிட்டா." "நல்லாவே தேறிட்டாளாம்." "தேறிட்டா, தெய்வத்துக்கு நன்றி சொல்லு." "தேறி எழுந்து நடமாடறா." நான்கு பண்ணைகளில் நான்கு சாட்சி. நாங்கள் இங்கே இரண்டு சாட்சி இருந்தாலே ஒரு சொல்லை ஏற்றுக்கொள்கிறோம். நான் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

சால்வோரும் எழுதியிருந்தாள். வாசித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவளுக்குத் தனியாக எழுதுகிறேன் என்று சொல்.

கோடையில் வருகிறேன், உறுதி.

அக்கா


கில் பண்ணை,
6 ஜனவரி 1958

அக்காவுக்கு,

புதுவருஷம் உனக்கு நல்லபடியாக அமையட்டும். இன்று பண்டிகையின் பதின்மூன்றாம் நாள், விளக்குகளை இறக்கிவைக்கிறோம்.

ரொட்டிக்கு எல்லாப் பண்ணையிலிருந்தும் வந்தார்கள். சால்வோர் இருபத்திரண்டு ரொட்டியில் கத்தியால் இலைக் கோலம் வெட்டினாள். மற்றவர்கள் நின்று வெட்ட, அவள் முக்காலியில் உட்கார்ந்து வெட்டினாள். கை மட்டும் எங்கள் எல்லோரையும்விட வேகம். ஸ்டெய்னுன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொஞ்சம் படுத்துக்கோயேண்டி" என்றாள். "படுத்துப் படுத்து அலுத்துப்போச்சு, உனக்கு இந்த ரொட்டியை வெட்டத் தெரியுமா தெரியாதா?" என்று இவள் மடக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். புகையிட்ட ஆட்டுக்கறி தீர்ந்துபோகும்வரை யாரும் கிளம்பவில்லை.

புதுவருஷத்திலிருந்து பாலும் அவளே கறக்கிறாள். ஸ்டெய்னுனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாடிப்படி ஏறும்போது நடுப்படியில் நின்று ஏதாவது பாட்டை முணுமுணுக்கிறாள். முன்பெல்லாம் இந்தப் பழக்கம் இல்லை. வீட்டில் பாட்டுக் கேட்டு ரொம்ப நாள் ஆயிற்று, அதனால் நானும் கீழே நின்று கேட்கிறேன்.

உன்னிடமிருந்து கடிதம் வந்ததா என்று இரண்டு முறை கேட்டாள்.

கெஸ்டுர்


கில் பண்ணை,
23 ஜனவரி 1958

அக்காவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். சால்வோர் பதினெட்டாம் தேதி காலை போய்விட்டாள். மாட்டுத் தொழுவத்தில், முக்காலிக்குப் பக்கத்தில் கிடந்தாள். பால் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறாள், ஒரு துளி சிந்தவில்லை. நேற்றைக்கு அவளைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்தோம். இதயம் என்று டாக்டர் சொன்னார். பிரசவத்திலிருந்தே இருந்திருக்கும் என்றார்.

மீதி அட்டைகளைத் திருப்பி அனுப்புகிறேன். இனி எழுத மாட்டேன்.

கெஸ்டுர்


ரெய்க்யாவிக்,
2 பிப்ரவரி 1958

என் தம்பி கெஸ்டுருக்கு,

என்ன எழுதுவது? துறைமுகத்துக்கு இரண்டு முறை போய்விட்டு வந்தேன். வடக்கே பனிக்கட்டி அடைத்திருக்கிறது, கப்பல் கிளம்பாது என்கிறார்கள். மேட்டுவெளியும் மூடியிருக்கிறது.

தனியாக இருக்காதே. ஸ்டெய்னுன் வீட்டுக்காவது போ. ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடு. பேச முடியவில்லையென்றால் எழுத வேண்டாம், காலி உறையை அனுப்பு, உன் கையெழுத்தில் என் விலாசத்தைப் பார்த்தால் போதும்.

அக்கா


ரெய்க்யாவிக்,
16 மார்ச் 1958

கெஸ்டுர்,

ஆறு வாரமாக உறைகூட வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் கூசுகிறது. நான் நன்றாக இல்லை. இதை உனக்கு எழுதுவதா என்று பிப்ரவரி முழுக்கத் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

அட்டைகளை நாங்கள் அகரவரிசையில் வைப்போம். போன வாரம் உங்கள் பள்ளத்தாக்கு அட்டைகளை எடுத்து, முதல்முறையாகத் தேதி வரிசையில் மேஜைமேல் பரப்பினேன். ப்ரெக்கா, டிசம்பர் பத்து. நெஸ், பத்து. ஹோல், பதினொன்று. பக்கி, பதினான்கு. நவம்பர் முழுக்க ஒருவரும் சால்வோர் தேறியதாகக் கேட்கவில்லை. ஒன்பதாம் தேதிக்கு முன்னால் ஒரு அட்டைகூட இல்லை. ஒன்பதாம் தேதிக்குப் பிறகு எல்லோரும் சொல்கிறார்கள்.

நான்கு பேர் ஒரே வாயிலிருந்து கேட்டு எழுதினால் அது நான்கு சாட்சி ஆகாது, ஒரே சாட்சி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இருபது வருஷமாக இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான்தான். என் தம்பி வீட்டு விஷயத்தில் அதை மறந்தேன். மறக்க எனக்கு வசதியாக இருந்தது. அலுவலகத்தில் வேலை குவிந்திருந்தது, கடல் கொந்தளித்தது, எனக்குக் கப்பல் ஆகாது. நான்கு அட்டை கிடைத்ததும் சந்தோஷமாகப் பெட்டியைத் தள்ளிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சால்வோர் எனக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தாள். அதையே சாக்காக வைத்து மூன்று மாதம் மறைத்தேன். அவள் என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கிறாள். அது வேடிக்கை என்று நினைத்தேன். பதிலே எழுதவில்லை. கெஸ்டுர், அவள் என்னை வரச் சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த விதத்தில், சிரித்துக்கொண்டே, வரச் சொல்லியிருக்கிறாள். சொற்களை வைத்துப் பிழைக்கும் எனக்கு அது புரியவில்லை.

முதலில் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியுமாம். நல்ல மனுஷன் என்கிறாள். வாசித்துப் பார்.

கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். ஒன்பதாம் தேதி டாக்டரிடம் நீ என்ன பேசினாய்?

ஓட்னி


கில் பண்ணை,
8 ஏப்ரல் 1958

அக்காவுக்கு,

உன் கடிதமும் அவள் கடிதமும் மார்ச் முப்பதாம் தேதி கைக்கு வந்தன. அவள் கையெழுத்தைத் தொழுவத்தில் உட்கார்ந்து வாசித்தேன். காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாள். அந்த வாய் என்னுடையது.

ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்குப் போன் நிலையத்துப் பெண்ணிடம் டாக்டரைக் கேட்டேன். மணி அடித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ரிசீவரை எடுத்தார்கள். யார் யார் எடுத்தார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஹோல் வீட்டுச் சுவர்க்கடிகாரம் கேட்டது, ப்ரெக்காக்காரன் இருமல் கேட்டது, நெஸ் வீட்டுக் குழந்தை சிணுங்கியது. ரிசீவர்கள் கூடக்கூடக் கம்பியில் சத்தம் குறையும், டாக்டரின் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. சத்தம் போட்டுப் பேசினால்தான் அவருக்குக் கேட்கும். என் மனைவி படுத்தால் மூச்சு முட்டுகிறது, பயந்து எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறாள் என்பதை இத்தனை காதுகளுக்குள் கத்த வேண்டும். அவளும் பக்கத்து அறையில் கதவைத் திறந்துவைத்துப் படுத்திருந்தாள். குழந்தை போன பிறகு நான் அவளிடம் ஒருநாள்கூட, உனக்கு என்ன செய்கிறது என்று நேராகக் கேட்டதில்லை. அவள் காதில் விழ, ஊர் காதில் விழ, முதல்தடவையாக அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"எப்படி இருக்கா?" என்றார் டாக்டர்.

"தேறிட்டா டாக்டர். நல்லாவே தேறிட்டா. சும்மா ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்னு கூப்பிட்டேன்."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். சால்வோர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா. சிரித்தாள். மறுநாள்தான் எழுந்து என் ஷூவைக் கேட்டாள்.

உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. போன வியாழக்கிழமை பகலில் தோர்லாகுர் போன் செய்தான். உரம் வாங்குவதைப் பற்றிப் பேசிவிட்டு, "அப்புறம் என்னய்யா கெஸ்டுர், தேறிட்டியா?" என்றான். இதற்கு இங்கே ஒரே பதில்தான். கேட்பவனும் அந்தப் பதிலுக்காகத்தான் கேட்கிறான், வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போவான்.

"இல்ல தோர்லாகுர். தேறல" என்றேன்.

"காலம் போனா எல்லாம்..."

"டிசம்பர்ல டாக்டர்கிட்ட நான் சொன்னது பொய். நீங்க எல்லாரும் கேட்டீங்க. அவ தேறவே இல்ல. நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னுதான் பொய் சொன்னேன். அவளுக்கு மூச்சு வாங்குச்சு. ரெண்டு மாசமா வாங்குச்சு."

யாரும் ரிசீவரை வைக்கவில்லை. ஒட்டுக்கேட்பவர்கள் வாயைத் திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். எடுத்திருப்பது எல்லோருக்கும் தெரிந்தாலும் எடுக்காதது போலவே இருப்போம், நம் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஹோல் வீட்டுக் கடிகாரம் ஓடுவது கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல் வந்தது.

"நானும் தேறல கெஸ்டுர்."

பக்கி பண்ணை ஸ்டெய்னுன். அவள் புருஷன் ஆட்டைத் தேடிப்போய் ஆற்றோடு போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் துணிச்சலுக்கு ஆள் காட்டச் சொன்னால் எல்லோரும் அவளைத்தான் காட்டுவோம். அவள் மேலே ஏதோ சொன்னாள். ஆனால் அதற்குள் எல்லா வீட்டிலும், அதுவரை எடுக்காதவர்கள்கூட, எடுத்துவிட்டார்கள். குரல் நூலாகிப்போயிற்று. "சத்தமா சொல்லு ஸ்டெய்னுன்!" என்று கத்தினேன். அவள் பேசுவது தெரிந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. அத்தனை பேரும் கேட்க நினைத்ததால் ஒருவருக்கும் கேட்காமல் போயிற்று.

கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தேன். ஆற்றங்கரை முழுக்கச் சேறும் உருகின பனியும், பக்கி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அங்கே வாசலில் தோர்லாகுரின் குதிரை நின்றது. நெஸ் பண்ணைக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தாள். ப்ரெக்காக்காரன் ட்ராக்டரில் வந்தான். ஸ்டெய்னுன் அடுப்படியில் எல்லோரையும் பார்த்தாள்.

"என்ன, கல்யாணமா, கருமாதியா? இருக்கறதே நாலு நாற்காலி" என்றாள்.

"நீ சொன்னது கேக்கல" என்றேன்.

"கேக்கற மாதிரி ஒண்ணும் சொல்லல." காப்பிக் கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். "அவர் ஆத்தோட போன வருஷமே நான் தேறிட்டேன்னு நீங்க எல்லாரும் போன்ல பேசிக்கிட்டீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அத்தன பேர் சொல்றப்ப, இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. எழுந்து மாட்டுக்கு வைக்கல் போடப் போனேன்."

நான் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், குழந்தை பயந்து அழும்படி அழுதேன். சால்வோருக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கும், அக்கா. அவள் தேறி எழுந்திருக்கவில்லை. என்னைப் பொய்யன் ஆக்கக் கூடாது என்று எழுந்தாள்.

உன் தம்பி,
கெஸ்டுர்